பேருந்து நிறுத்தம் முதல் ரேஷன் கடை வரை: ஒரு தெருவை எல்லோரும் போகக்கூடிய தெருவாக்குவது எப்படி

வார்டுக்குப் பணம் ஒதுக்கியதும் பல ஊர்களில் நடப்பது ஒன்றுதான்: பத்து இடங்களில் பத்து சாய்தளம் கட்டிவிடுவார்கள். ஒவ்வொன்றும் எங்கோ தொடங்கி எதிலும் சேராமல் நிற்கும். 400 மீட்டர் பாதையில் 395 மீட்டர் ஒழுங்காக இருந்து, மீதி 5 மீட்டரில் ஒரு மின்பெட்டி வழியை மறித்தால், சக்கர நாற்காலியில் வருபவர் பேருந்துகளுக்கு நடுவே சாலையில் இறங்கியாக வேண்டும். இரண்டு முறை அப்படி இறங்கியவர் மூன்றாம் முறை வீட்டைவிட்டு வரமாட்டார். அதனால் பணம் கொஞ்சமாக இருந்தாலும் ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து அதை முழுதாக முடியுங்கள். பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி, வழியில் ரேஷன் கடையையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ வங்கியையோ தொட்டு, பொதுக் கழிப்பறை ஒன்றையும் சேர்த்து முடிகிற பாதையாக அது இருக்கட்டும்.

இந்த வழிகாட்டி குடியிருப்போர் சங்கங்கள், கவுன்சிலர்கள், உதவிப் பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர்கள், மேஸ்திரிகள் எல்லோருக்கும் பொதுவானது. அளவுகளை மி.மீ. கணக்கில் தந்திருக்கிறோம். இந்த வேலையில் 20 மி.மீ. கூடக் குறைய இருந்தாலே ஒருவர் கீழே விழுந்துவிடுவார்.

முதலில் நடந்து பாருங்கள்

வரைபடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வரும் ஒருவர், வெள்ளைக் கோலுடன் நடக்கும் ஒருவர், வாக்கரோ ஊன்றுகோலோ வைத்திருக்கும் முதியவர் ஒருவர், மூவரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். பார்வையுள்ளவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதோ, நடக்க முடிந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதோ இதற்கு ஈடாகாது. பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த உத்திகள் அவர்களுக்குத் தெரியாது. பயம் மட்டும்தான் தெரியும். அழைத்து வருபவர்களுக்குப் போக்குவரத்துச் செலவையும் அன்றைய கூலியையும் கொடுப்பது மரியாதை.

இரண்டு முறை போக வேண்டும். காலை பத்து மணிக்கு ஒருமுறை, இரவு ஏழரைக்கு ஒருமுறை. காலையில் காலியாக இருந்த நடைபாதையில் மாலையில் தள்ளுவண்டியும் இருசக்கர வாகனங்களும் நிற்கும். எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்பது இரவில்தான் தெரியும். மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே கட்டும் சாய்தளம் வீண்.

கையில் வேண்டியவை: 5 மீட்டர் டேப், சாக்பீஸ், கைப்பேசி, இரண்டடி ரசமட்டம். சரிவை அளக்க ரசமட்டமே போதும். 600 மி.மீ. நீள மட்டத்தைச் சரிவின் மேல் வைத்து, தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் 50 மி.மீ. வந்தால் சரிவு 1:12, அதாவது 12 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. ஏற்றம். அதுதான் உச்ச வரம்பு. 60 வந்தால் 1:10. 75 வந்தால் 1:8, தனியாக வருபவரால் ஏற முடியாது. கைப்பேசியில் கோணம் காட்டும் செயலி இருந்தால் 4.8 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று நினைவில் வையுங்கள்.

பாதையை 20 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் உள்ள தடைகளை, ஆளையே நிறுத்திவிடுபவை, சிரமம் தருபவை என்று இரண்டாகக் குறியுங்கள். மறித்து நிற்கும் மின்பெட்டி முதல் வகை. ஆடும் பேவர் பிளாக் இரண்டாம் வகை. முதல் வகை முழுவதும் தீர்ந்த பிறகே இரண்டாவதில் பணம் போட வேண்டும்.

நடைபாதை

தடையில்லாத அகலம் 1800 மி.மீ., தலைக்கு மேல் 2200 மி.மீ. உயரம்: இந்தப் பெட்டிக்குள் எதுவும் நுழையக்கூடாது. 1800 இருந்தால்தான் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள் ஒதுங்கிப் போக முடியும். பழைய குறுகிய தெருவில் அது கிடைக்காது என்றால், ஏதாவது ஒரு கம்பத்தருகே மட்டும் 1200 வரை இறங்கலாம். 900-க்குக் கீழே போனால் அது பாதையே அல்ல. அகலத்தை நடைபாதையின் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். மரம், கம்பம், பெட்டி, கடைப் படி எல்லாம் போக மிஞ்சும் இடத்தை அளக்க வேண்டும்.

நடைபாதையின் உயரம் 150 மி.மீ.க்கு மேல் வேண்டாம். வெள்ளம் வரும் என்று 300, 400 உயர்த்திவிடுகிறார்கள். மூட்டு வலியுள்ள முதியவர் அதில் ஏறாமல் சாலையோரமாகவே நடப்பார். உயர்ந்த நடைபாதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாகனம் நுழைய இறங்க வேண்டியிருக்கும், மறுபடி ஏற வேண்டியிருக்கும். 100 மீட்டரில் எட்டு வீடு என்றால் எட்டு இறக்கம், எட்டு ஏற்றம். நாற்காலியின் கைவளையத்தைத் தள்ளுபவரின் தோள் அதிலேயே ஓய்ந்துவிடும். சரியான முறை, நடைபாதை ஒரே மட்டத்தில் ஓடுவது. வாகனத்துக்கான சரிவைச் சாலைப்பக்க விளிம்பில் 450 முதல் 600 மி.மீ.க்குள் முடித்துவிட வேண்டும். கார் அதில் ஏறிவிடும், பாதையும் குலையாது.

குறுக்குச் சரிவு, அதாவது மழைநீர் வடிய சாலைப் பக்கம் கொடுக்கும் சாய்வு, 1:50. ரசமட்டத்தில் 12 மி.மீ. இதைவிடச் சாய்ந்தால் நாற்காலி தானாகச் சாலைப் பக்கம் இழுக்கும். ஒரு கையால் மட்டும் தள்ளி நேராக்க வேண்டியிருக்கும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலமிழந்தவருக்கு அது முடியாது.

வடிகால் மூடியின் துளைகள் 12 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் போட்டால் நாற்காலியின் சிறிய முன்சக்கரமும் ஊன்றுகோலின் நுனியும் உள்ளே இறங்கிவிடும். மழைநீர் வடிகாலைத் தூர்வாரிய பிறகு மூடியைத் திருப்பிப் போடுவது அன்றாடம் நடக்கிறது. மூடியில் பெயிண்டால் ஓர் அம்புக்குறி இட்டு வையுங்கள்.

வாகனம் ஏறாமல் தடுக்க நடும் குட்டைத் தூண்களுக்கு இடையே 900 மி.மீ. குறைந்தபட்சம், 1000 முதல் 1200 உத்தமம். இதைச் சொன்னதும் ‘ஸ்கூட்டர் நுழைந்துவிடுமே’ என்பார்கள். ஆம், நுழையும். நாற்காலி போகும் எந்த இடைவெளியிலும் ஸ்கூட்டரும் போகும்; அதைத் தூணால் தீர்க்க முடியாது, அபராதத்தால்தான் முடியும். பூங்கா வாசல்களில் வைக்கும் வளைந்து நெளிந்த கம்பித் தடுப்பும் சுழல்கதவும் ஸ்கூட்டரைவிட நாற்காலியையும் இரட்டைக் குழந்தை வண்டியையும் பருமனானவர்களையும்தான் அதிகம் தடுக்கின்றன. அவற்றை எடுத்துவிடுங்கள். தூண் 1000 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல், மேல்பகுதியில் பளிச்சென்ற பட்டையுடன் இருக்கட்டும். முழங்கால் உயரச் சாம்பல் நிறத் தூண் பார்வை மங்கியவரின் காலை முறிக்கும். தூண்களுக்கு நடுவே சங்கிலி மாட்டவே கூடாது.

சாலைக்கு இறங்கும் சாய்தளம்

எல்லா வேலையிலும் அதிகம் கெட்டுப்போவது இதுதான், அதனால் இதை விரிவாகச் சொல்கிறோம்.

கணக்கு எளிது. உயரம் 150 என்றால் நீளம் 150 × 12 = 1800 மி.மீ. அகலம் 1200. இருபுறமும் பக்கச் சரிவு 1:10, அதாவது ஒவ்வொரு பக்கமும் 1500. மேலே, சாய்தளம் முடியும் இடத்தில், திரும்புவதற்கு 1200 மி.மீ. சமதளம். ஆக, நடைபாதை 3 மீட்டர் அகலம் இருந்தால்தான் இந்த நேர்ச்சாய்தளம் பொருந்தும். நம் ஊர்களில் பெரும்பாலும் அந்த அகலம் இராது. மேஸ்திரி இருக்கிற இடத்துக்குள் அடக்கி 600 மி.மீ. நீளத்தில் கட்டிவிடுவார், அது 1:4. பைக் ஏறும், நாற்காலி பின்புறமாகக் கவிழும்.

அகலம் குறைந்த இடத்தில் செய்ய வேண்டியது வேறு: நடைபாதை முழுவதையுமே சாலை மட்டத்துக்கு இறக்குங்கள். வலப்புறம் 1800, இடப்புறம் 1800 நீளத்துக்குச் சரிவு, நடுவே 1500 மி.மீ. சமதளம். நடைபாதையோடு போகிறவரும் இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்பது குறைதான், ஆனால் யாரும் கவிழமாட்டார்கள். சாலைத் தண்ணீர் இந்தப் பள்ளத்துக்கு வரும் என்பதால், தண்ணீர் வரும் திசையில், சரிவு தொடங்குவதற்கு முன்பே வடிகால் வாய் ஒன்று அமைக்க வேண்டும்.

கட்டும் முறை:

1. சாக்பீஸால் குறித்து, பேவர் பிளாக்குகளையும் கர்ப் கற்களையும் (நடைபாதை விளிம்புக் கற்கள்) அகற்றுங்கள். எதிர்ப்புறமும் சாய்தளம் வருமா, இரண்டும் நேர்கோட்டில் உள்ளனவா என்று இப்போதே பாருங்கள்.
2. சாலை விளிம்பில் ஒரு கர்ப் கல்லைப் படுக்கவைத்துப் பதியுங்கள். அதன் மேல்மட்டம் சாலையோடு ஒட்ட வேண்டும். 6 மி.மீ. வரை விட்டுப்பிடிக்கலாம், பூஜ்யமே நல்லது. 20 மி.மீ. விளிம்பு நின்றாலும் முன்சக்கரம் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னே தூக்கி எறியப்படுவார்.
3. மண்ணை நீர் தெளித்துக் கெட்டியாக இடியுங்கள். நிரப்பிய மண்மேல் அப்படியே கான்கிரீட் போட்டால் முதல் மழையில் உள்வாங்கும்.
4. 100 மி.மீ. கனத்துக்கு எம்20 கான்கிரீட், 1:1½:3 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி). பக்கச் சரிவுகளோடு சேர்த்து ஏறத்தாழ அரை கன மீட்டர், நான்கு மூட்டை சிமெண்ட் ஆகும். மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீரைத் தாண்டவிடாதீர்கள். தளதளவென்று ஊற்றினால் சரிவில் கீழே வழிந்து வந்து, அடியில் தடித்து, மேலே மெலிந்துவிடும்.
5. மட்டப்பலகை இழுத்ததும், இறுகும் முன் தென்னந்துடைப்பத்தால் நடக்கும் திசைக்குக் குறுக்கே கோடிழுங்கள். கரண்டியால் மழமழப்பாக்குவது, சிவப்புச் சிமெண்ட் பூசுவது, மிச்சமிருந்த குளியலறை டைல்ஸ் ஒட்டுவது எல்லாம் மழையில் வழுக்கும்.
6. ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் விடுங்கள். அதுவரை தடுப்பு வையுங்கள்.

நன்றாகக் கட்டியதும் பிறகு கெடும் வழி ஒன்று உண்டு. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டால் சாலை 40, 50 மி.மீ. உயர்ந்து, சாய்தளத்தின் அடியில் குழி உண்டாகும்; மழைத்தண்ணீரும் சேறும் அங்கேயே நிற்கும். சாலையைச் சுரண்டிவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் தார் போட வரும்போது இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

டாக்டைல் டைல்கள்

பார்வையற்றவர் காலாலும் கோலாலும் தொட்டு வழியறியும் புடைப்புள்ள டைல்கள் இவை. 1965-ல் ஜப்பானின் செய்ச்சி மியாக்கே உருவாக்கி, 1967-ல் ஒக்காயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தார். இன்று நம் ஊர்களில் மஞ்சள் நிறத்தில் நிறையப் பதிக்கிறார்கள். அவற்றில் கணிசமானவை தவறானவை. இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானவை. பார்வையற்றவர் அந்தக் கோட்டை நம்பி நடக்கிறார்.

இரண்டே வகை. நீளக் கோடுகள் உள்ள டைல் ‘இந்தத் திசையில் போகலாம்’ என்கிறது. வட்டப் புள்ளிகள் உள்ள டைல் ‘நில், கவனி’ என்கிறது. இரண்டும் 300 × 300 மி.மீ., புடைப்பு 5 மி.மீ. கடையில் கோட்டு டைல் தீர்ந்துவிட்டது என்று புள்ளி டைலையே வரிசையாகப் பதித்தால், அந்தத் தெரு முழுவதும் ‘நில், நில்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். உண்மையில் நிற்க வேண்டிய இடத்தில் அதற்கு மதிப்பில்லாமல் போகும்.

கோட்டு டைல் வரிசையின் இருபுறமும் 600 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். சுவரை ஒட்டியோ கம்பத்தை உரசியோ போகக்கூடாது. திரும்பும் இடத்தில் நேர்கோணத்தில் திரும்புங்கள், சந்திப்பில் புள்ளி டைல்கள். வளைவாக வெட்டி ஒட்டுவது பார்க்க அழகு, காலுக்குக் குழப்பம். சாய்தளத்தின் அடியில் சாலை விளிம்பிலிருந்து 300 மி.மீ. தள்ளி, முழு அகலத்துக்கும் இரண்டு வரிசை புள்ளி டைல். 1200 அகலத்துக்கு எட்டு டைல் வேண்டும். படிக்கட்டின் மேலும் கீழும் அதே 300 மி.மீ. தள்ளிப் புள்ளி டைல் இருக்கட்டும்.

ஒரு டைலைப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் பிழை தெரியும். டைலின் அடித்தளம், புடைப்பு நீங்கலாக, பக்கத்துத் தரையோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சாந்தைக் கூடுதலாக வைத்து டைலையே 10 மி.மீ. தூக்கிவிட்டால் அது தடுக்கிவிடும் விளிம்பு. சாந்துப் பால் புடைப்புகளுக்கு நடுவே காய்ந்து இறுகிவிட்டால் கோடும் புள்ளியும் காலுக்குத் தெரியாது. பதித்த அன்றே ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பாதையின் நடுவே மேன்ஹோல் வந்தால் வரிசையை வளைக்காதீர்கள். பள்ளத்தட்டு வைத்த மூடி வாங்கி, தட்டுக்குள்ளேயே டைலைப் பதியுங்கள்.

நடைபாதையின் முழு அகலத்துக்கும் இவற்றைப் பதிக்க வேண்டாம். தண்டுவடக் காயமுள்ளவருக்கு அந்த அதிர்வு வலி தரும். வாக்கரின் சக்கரம் தடதடக்கும். அவர்களுக்கென்று சமமான தளம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தரையில் உள்ளதைக் கோல் கண்டுபிடிக்கும். இடுப்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்காது. தரையிலிருந்து 700 மி.மீ.க்கு மேலே, சுவரிலிருந்து 100 மி.மீ.க்கு மேல் நீளும் ஏசி பெட்டி, விளம்பரத் தகடு, சன்னல் கதவு ஆகியவை நேராக முகத்தில் படும். நகர்த்த முடியாதென்றால் அதன் கீழே தரையில் ஒரு திட்டு கட்டுங்கள்; கோல் அதில் தட்டி எச்சரிக்கும்.

சாலையைக் கடக்க

சிக்னலின் பச்சை நேரத்தை நொடிக்கு 1.2 மீட்டர் நடைக்குக் கணக்கிடுவது வழக்கம். 14 மீட்டர் சாலைக்கு 12 நொடி. ஊன்றுகோலுடன் நடப்பவர் நொடிக்கு 0.8 மீட்டர்தான் போவார், அவருக்கு 17.5 நொடி வேண்டும். இந்த ஐந்தரை நொடியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கட்டுமானமும் தேவையில்லை, போக்குவரத்துக் காவல்துறை நேரத்தை மாற்றி அமைத்தால் போதும். இந்தக் கட்டுரையில் சொல்வதிலேயே செலவில்லாத வேலை இதுதான். பொத்தான் இருந்தால் 900 முதல் 1100 மி.மீ. உயரத்தில், சமதளத்திலிருந்து எட்டும்படி இருக்க வேண்டும். ஒலி எழுப்பும் கருவியைப் பழுது பார்ப்பது யார் என்பதை நிறுவும் நாளிலேயே எழுதி வாங்குங்கள்.

நடுத்திட்டில் நிற்க 1500 மி.மீ. ஆழம் வேண்டும், திட்டை வெட்டிச் சாலை மட்டத்திலேயே வழி விடுவது சிறந்தது. சிக்னல் இல்லாத உள்தெருக்களில், நடைபாதையின் உயரத்துக்கே சாலையைத் தூக்கிய மேடைக் கடவை போடலாம்: வாகனம் ஏறி இறங்கும், நடப்பவர் நேராகப் போவார். நடை மேம்பாலம் இதற்கு மாற்றாகாது. லிஃப்ட் இருந்தாலும் அது ஓடாத நாளில் பாதை அங்கேயே அறுந்துவிடும்.

பேருந்து நிறுத்தம்

தாழ்தளப் பேருந்தின் தளம் சாலையிலிருந்து ஏறக்குறைய 400 மி.மீ. உயரம். நாற்காலி ஏறுவதற்கென்று பேருந்திலிருந்து ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையைச் சாலையில் இறக்கினால் சரிவு 1:2.5, உதவியாளர் இருவர் தூக்கினால்தான் நாற்காலி ஏறும். அதே பலகையை 150 மி.மீ. நடைபாதையில் இறக்கினால் 1:4. வண்டி பக்கவாட்டில் சற்றுத் தாழும் வசதியோடு வந்தால் இன்னும் எளிது. எனவே சென்னைக்கு 2024 முதல் வந்துகொண்டிருக்கும் புதிய தாழ்தளப் பேருந்துகளின் பயன் பாதி நிறுத்தத்தின் கையில் இருக்கிறது.

நடுக்கதவு வந்து நிற்கும் இடத்தில் 2400 × 1500 மி.மீ. காலி மேடை வேண்டும். அங்கே குப்பைத்தொட்டி, பெயர்ப்பலகைக் கம்பம், நிழற்குடையின் தூண் எதுவும் கூடாது. நிழற்குடைக்கே படி வைத்துக் கட்டுவது இன்னும் நிற்கவில்லை. பேருந்து ஒதுங்க வளைந்த குடா வெட்டுவதைவிட, நடைபாதையைச் சாலைப் பக்கம் நீட்டி நேர்விளிம்பாகக் கொடுப்பது நல்லது. குடாவுக்குள் ஆட்டோ நிற்கும். ஓட்டுநர் வண்டியைச் சாய்வாக, ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துவார். நேர்விளிம்பு இருந்தால் 100 மி.மீ.க்குள் ஒட்டி நிறுத்த முடியும்.

கட்டடத்து வாசல்

மூன்று படி, 450 மி.மீ. உயரம். சாய்தளம் 5400 மி.மீ., மேலும் கீழும் 1500 சமதளம், மொத்தம் 8400. இடமில்லை என்றால் ‘ப’ வடிவில் மடக்குங்கள், மடங்கும் இடத்திலும் 1500 × 1500 சமதளம். உயரம் 750-ஐத் தாண்டினால் 1:12 போதாது, 1:15 கொடுங்கள். கைப்பிடி இருபுறமும், 900-லும் 700-லுமாக இரண்டு வரிசை. குழாயின் விட்டம் 38 முதல் 45 மி.மீ., சுவரிலிருந்து 50 மி.மீ. இடைவெளி, சரிவு முடிந்த பிறகும் 300 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். கடலோர ஊர்களில் 202 தர ஸ்டெயின்லெஸ் எஃகு துருப்பிடித்துவிடும். 304 தரம் போடுங்கள், கடலை ஒட்டினால் 316. சித்திரை வெயிலில் வெறும் எஃகுக் குழாயைத் தொட முடியாது, மேலே கூரையோ பிளாஸ்டிக் உறையோ வேண்டும். சரிவின் விளிம்பில் 100 மி.மீ. தடுப்புக் கட்டை இல்லாவிட்டால் சக்கரம் வெளியே இறங்கிவிடும்.

சாய்தளம் வந்ததென்று படிகளை இடிக்காதீர்கள். காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) அணிந்தவர்களில் பலருக்குக் கைப்பிடியுள்ள படிதான் எளிது. படியின் உயரம் 150, அகலம் 300, விளிம்பில் 50 மி.மீ. மாறுநிறப் பட்டை. கண்புரை உள்ளவருக்கு அந்தப் பட்டைதான் படியைக் காட்டும்.

வாகனம் நிறுத்தும் இடத்தை வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் ஒதுக்குங்கள்: காருக்கு 3600 × 5000 மி.மீ. தமிழ்நாட்டில் அதிகம் வருவது அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர். அதற்கு அகலம் கூடுதல், இறங்கி ஊன்றுகோலை எடுக்கப் பக்கத்தில் ஒரு மீட்டர் வேண்டும். இதைத் திட்டத்தில் கேட்டு எழுதாவிட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

கழிப்பறை

உள்ளளவு 2200 × 2000 மி.மீ., நடுவே 1500 விட்டத்துக்கு நாற்காலி சுழல இடம். கதவு 900 திறப்பு, வெளிப்புறம் திறக்க வேண்டும் அல்லது தள்ளுகதவு. உள்ளே திறக்கும் கதவு வைத்தால், ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடலே கதவை அடைத்துவிடும். வாசற்படியே வேண்டாம், தண்ணீருக்காக அவசியமென்றால் 12 மி.மீ. சாய்வு விளிம்பு.

கோப்பையின் உட்காரும் உயரம் 450 முதல் 480. அதன் நடுக்கோடு பக்கச்சுவரிலிருந்து 450 முதல் 500. மறுபக்கம் நாற்காலியை ஒட்டி நிறுத்தி மாறி உட்கார 900 மி.மீ. காலியிடம். இந்த இடத்தில்தான் வாளியும் துடைப்பமும் பினாயில் டப்பாவும் வந்து சேரும். அவற்றுக்கென்று வெளியே ஓர் அலமாரி வைத்துவிடுங்கள். சுவர்ப் பக்கப் பிடி உட்காரும் மட்டத்துக்கு 200 மி.மீ. மேலே நிலையாக இருக்கும். காலிப் பக்கப் பிடி மேலே மடங்க வேண்டும், நிலையாக வைத்தால் மாறி உட்காரவே முடியாது. ஹாலோ பிளாக் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்துப் பிடியை மாட்டினால் கழன்று வரும். அந்த இடத்துக் கற்களைக் கான்கிரீட்டால் நிரப்பி, ஆங்கர் போல்ட் போடுங்கள். ஒரு பெரியவர் முழு எடையுடன் தொங்கிப் பார்த்த பிறகே பில் கொடுக்க வேண்டும்.

கைத்தெளிப்பான் உட்கார்ந்த நிலையிலிருந்து எட்டட்டும். அழைப்புக் கயிறு தரையிலிருந்து 300 மி.மீ. வரை தொங்க வேண்டும், விழுந்து கிடப்பவர் இழுப்பதற்காக. துப்புரவின்போது அதைச் சுருட்டி முடிச்சுப் போடுவார்கள். வேண்டாமென்று பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். இத்தனையும் செய்து கதவைப் பூட்டி, சாவி யாரிடம் என்று தெரியாமல் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. பூட்டத்தான் வேண்டுமென்றால் சாவி இருக்கும் இடம், எடுத்துத் தருபவரின் எண் இரண்டும் கதவில் இருக்கட்டும்.

உட்கார இடம்

முதியவர்களுக்கு 30 மீட்டருக்கு ஓர் இருக்கை. உயரம் 450, முதுகுச்சாய்வு, இருபுறமும் கைத்தாங்கல். கைத்தாங்கல் இல்லாத சிமெண்ட் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. இருக்கை நடைபாதையின் 1800-க்கு வெளியே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி நிற்க 900 மி.மீ. இடம் விட்டால் உடன் வந்தவரோடு சேர்ந்து உட்காரலாம்.

பில் கொடுக்கும் முன், கொடுத்த பின்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 44-ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத கட்டட வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது. 45-ஆம் பிரிவு பழைய பொதுக் கட்டடங்களுக்குக் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து கணக்கிட்டால், 2022-லேயே முடிந்துவிட்டது. 89-ஆம் பிரிவில் முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, தொடர்ந்தால் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். 2024 நவம்பர் 8-ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி 15(1) சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க உத்தரவிட்டது. மனுவில் இவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவந்தால் பதிவில் இருக்கும். நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், பதில் வராவிட்டால் மாநில ஆணையருக்கும். சென்னையில் உடைந்த மூடி, எரியாத விளக்குக்கு 1913 என்ற எண்ணை அழையுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. உங்கள் மன்றத்தில் அப்படி ஒருவர் இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள்.

மனுவில் ‘வசதி செய்து தரவும்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். ‘இன்ன தெரு, இன்ன கதவு எண் எதிரில், சாய்தளம் 600 மி.மீ. நீளம், 150 உயரம், சரிவு 1:4. 1800 ஆக்க வேண்டும்’ என்று படத்துடன் எழுதுங்கள். டெண்டரில் சரிவு, விளிம்பு உயரம், தளத்தின் சொரசொரப்பு மூன்றையும் அளவோடு எழுத வைத்து, நாற்காலியில் ஒருவர் யாரும் தொடாமல் ஏறி இறங்கிக் காட்டிய பிறகே இறுதித் தொகை என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பராமரிப்புக்கு ஆண்டுத் தொகை தனியாக வேண்டும். மெரினாவில் கடலருகே போக 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் கடைசியில் திறக்கப்பட்டது. டிசம்பர் 9 இரவு கரை கடந்த மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமடைந்தது. பிறகு சீரமைத்தார்கள். கடற்கரையானாலும் தெருவானாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறை, முடிந்தபின் தையில் ஒருமுறை அதே மூவரோடு அதே பாதையில் நடந்து பழைய பட்டியலை ஒப்பிடுங்கள். உள்வாங்கிய பேவர் பிளாக், திருப்பிப் போட்ட மூடி, தேய்ந்த டைல், புதிதாக முளைத்த கடைப் படி எல்லாம் அப்போது அகப்படும்.

ஒப்பந்தக்காரரிடம் ஒவ்வொரு வகையிலும் 20 டாக்டைல் டைலை உபரியாக வாங்கி வார்டு அலுவலகத்தில் வையுங்கள். குடிநீர் இணைப்புக்கோ கேபிளுக்கோ நடைபாதையைத் தோண்டுபவர்கள் மூடும்போது கையில் கிடைத்ததைப் பதிப்பார்கள். தோண்ட அனுமதி கொடுக்கும்போதே அந்த டைலையும், அது எந்தத் திசையில் இருந்தது என்ற படத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.